எழும்பிக்கொண்டிருக்கும் கரை

ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் இரண்டாவது பெரிய தீவு நூர்டவுஸ்ட்லாண்டெட். அதில் முக்கால் பங்கு பனி மூடிக் கிடக்கிறது; ஊர் என்று ஒன்றுகூட இல்லை. அந்தத் தீவின் தென்மேற்கு மூலையில், ஹின்லோப்பன் நீரிணை தெற்கே அகன்று திறக்கும் இடத்தில், தாழ்ந்த கூழாங்கல் முனை ஒன்று கடலுக்குள் நீண்டிருக்கிறது. டொரெல்நெசெட் என்று பெயர். வட அட்சரேகை 79 டிகிரியைத் தாண்டிய இடம். அங்கிருந்து வட துருவம் 1200 கிலோமீட்டருக்குள்தான். லாங்யர்பியன் நகரிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து ரப்பர் படகு, படகிலிருந்து முழங்கால் பூட்ஸ் நனைய நாலு எட்டு. அப்படித்தான் அங்கே போய்ச் சேர முடியும்.

படத்தில் பார்த்தால் யாருக்கும் அங்கே போகத் தோன்றாது. சாம்பல் நிறக் கல், சாம்பல் நிறக் கடல், பின்னணியில் மங்கலான வெள்ளையாகப் பனிக்கவிகை. மரமில்லை, புதரில்லை, கல்லிடுக்கில் விரல் கனத்துக்கு ஒரு பாசி இருந்தால் அதுவே பெரிது. ஆனாலும் ஆர்க்டிக்கில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போகலாம் என்றால் எங்கே என்று யாராவது கேட்டால் நான் பனிப்பாறைகளைச் சொல்லமாட்டேன், இந்தக் கல் முனையைத்தான் சொல்வேன். சுமை இறங்கிய நிலம் எப்படி நிமிர்கிறது என்பதை அங்கே காலால் நடந்தே தெரிந்துகொள்ளலாம்.

பயணம் தொடங்கும் லாங்யர்பியன் சுமார் 2500 பேர் வாழும் சிறு நகரம். நிலக்கரிக்காகத் தோன்றி, இப்போது ஆராய்ச்சியாலும் சுற்றுலாவாலும் பிழைக்கிறது. ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டது என்றாலும் 1920 பிப்ரவரியில் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கை அதற்குத் தனி நிலை தந்திருக்கிறது. அதில் கையெழுத்திட்ட நாடுகளின் மக்கள் அங்கே போகலாம், தங்கலாம், தொழில் செய்யலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோதே இந்தியாவின் பெயரும் அதில் சேர்ந்துவிட்டது. ஆகவே ஸ்வால்பார்டுக்கென்று நமக்கு விசா வேண்டியதில்லை. ஆனால் நார்வே வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். அதுவும் இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் விசாவாக இருக்க வேண்டும். ஸ்வால்பார்டுக்குள் போனதுமே ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறிவிட்டதாகக் கணக்கு. போக நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

எங்கள் கப்பல் சிறியது. மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறி, தீவுகளின் உச்சியைச் சுற்றி, ஹின்லோப்பனுக்குள் வடக்கு வாயில் வழியாக இறங்குவது திட்டம். முதல் நாள் இரவு, அதாவது சூரியன் மறையாத அந்த ஆகஸ்ட் இரவு, காங்ஸ்ஃபியோர்டின் வாயைக் கடந்தோம். அதற்குள்ளே நி-ஓலெசுண்ட் ஆராய்ச்சிக் குடியிருப்பில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இயங்குகிறது. அந்த ஃபியோர்டின் நீருக்கடியில் வெப்பத்தையும் உப்பையும் ஓட்டத்தையும் அளக்கும் கருவித்தொகுதி ஒன்றை 2014இல் இறக்கியதில், சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் பொறியாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மேல்தளத்துக் குளிரில் நின்று அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கப்பலில் தமிழ் பேச எனக்கு ஒருவர் கிடைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் நார்வே போனவர், இப்போது ஒஸ்லோவில் இருக்கிறார். வடக்கே ஃபின்மார்க் கரையின் மீன் தொழிற்சாலைகளில் ஒரு காலத்தில் நிறைய ஈழத்தமிழர்கள் வேலை பார்த்தார்கள். அவரும் அவர்களில் ஒருவர். மீனைக் கீறி முள்ளெடுக்கும் வேலை. “இந்தக் கடலிலை பிடிச்ச மீனைத்தான் தம்பி நான் கனகாலம் வெட்டினனான். கடலை மட்டும் ஒருக்காலும் பார்க்கேல்லை. அதுதான் வந்தனான்” என்றார். நான் அவரை அக்கா என்று அழைத்தேன். பேரன்ட்ஸ் கடலைப் பற்றி அந்தக் கப்பலில் விரிவுரை தந்தவர்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் அவருக்குத் தெரிந்திருந்தன.

ஹின்லோப்பனில் ஆல்க்ஃபியெல்லெட் பாறைச்சுவரைக் கடந்தோம். நீரிலிருந்து செங்குத்தாக எழும் கரும்பாறைத் தூண்களில் பல்லாயிரக்கணக்கான கில்லிமோட் பறவைகள். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். அதன்பின் நாங்கள் இறங்க இருந்த இடத்தில் ஒரு பனிக்கரடி படுத்திருப்பதைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டார்கள். கரடி இருக்கும் கரையில் யாரும் இறங்குவதில்லை, பேச்சே கிடையாது. கப்பல் தெற்கே திரும்பியது. மறுநாள் காலை மூடுபனி விலகியபோது வலப்பக்கமும் இடப்பக்கமும் வெறும் நீர், முன்னால் கோடு கிழித்தாற்போல ஒரு தாழ்ந்த கரை.

இறங்குவதற்கு முன் நடந்த ஏற்பாடுகள் எனக்குப் பிடித்திருந்தன. கால்சட்டை மடிப்பு, பையின் மூலை, கையுறையின் ஒட்டுப்பட்டை எல்லாவற்றையும் தூசி உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்யச் சொன்னார்கள். வேறு நாட்டு விதை ஒன்று அங்கே விழுந்து முளைத்துவிடக் கூடாது. பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் அங்கேயும் வந்துவிட்டது; 2023இல் ஸ்வால்பார்டில் ஒரு வால்ரஸ் அந்தக் காய்ச்சலால் இறந்ததைப் பின்னர் ஆய்வில் உறுதிசெய்தார்கள். வழிகாட்டிகள் துப்பாக்கியோடு முதலில் போய், மேட்டில் ஏறி நாலாபுறமும் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே எங்கள் படகு கிளம்பியது. படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளங்கையைப் பிடிக்கக் கூடாது. ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடிக்க வேண்டும். ஒரு கை வழுக்கினாலும் மற்றது விடாது.

படகின் மூக்கு கல்லில் உரசி நின்றது. கால் வைத்ததும் கற்கள் நகர்ந்தன. மணலில் நடக்கும் நடை அங்கே உதவாது. ஒவ்வொரு அடியிலும் கல் உருண்டு, பூட்ஸுக்குக் கீழே இடம் தேடி, பிறகு நிற்கிறது. நீரோரத்தில் முட்டையளவு, நெல்லிக்காயளவு உருண்டைக் கற்கள். சில வெளிறிய சாம்பல், சில இரும்பின் கருமை. கொஞ்சம் மேலே போனால் கற்கள் தட்டையாக, கூர்முனையோடு கிடந்தன. அலை உருட்டியவை உருண்டை. மேலே நூற்றாண்டுக் கணக்காக உறைந்தும் உருகியும் பிளந்தவை தட்டை. நீரிலிருந்து விலகி எத்தனை காலம் ஆனது என்பதைக் கல்லின் விளிம்பே சொல்லிவிடுகிறது.

பத்து நிமிடம் நடந்த பிறகுதான் கரையின் அமைப்பு புரிந்தது. நீருக்கு இணையாக ஒரு வரப்பு. அதைத் தாண்டினால் ஒரு பள்ளம். பிறகு சற்று உயரத்தில் இன்னொரு வரப்பு. இப்படியே உள்நாட்டை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டே போகிறது. கோயில் குளத்தின் படித்துறையைக் கிலோமீட்டர் அகலத்துக்கு இழுத்துப் பரப்பியது போல இருந்தது. ஒவ்வொரு வரப்பும் ஒரு காலத்தில் கடலின் ஓரமாக இருந்தது. அலை அடித்துச் சேர்த்த கல் அது. கடல் அங்கேயேதான் இருந்தது, நிலம் எழும்பிவிட்டது.

எங்களோடு வந்த நிலவியல் விரிவுரையாளர், ஓய்வுபெற்ற நார்வேக்காரர், ஒரு வரப்பின் மேல் நின்று இதை விளக்கினார். கடந்த பனியூழியில் இந்தத் தீவுகள் மட்டுமல்ல, இப்போது கடலாக இருக்கும் பேரன்ட்ஸ் கடல் முழுவதும் பனித்தகட்டின் கீழ் இருந்தது. கிலோமீட்டர் கணக்கான தடிமன். அந்தப் பாரத்தில் பூமியின் மேலோடு கீழே அழுந்தியது. அதன் அடியிலிருந்த சூடான, மெதுவாக நகரும் பாறைப்பொருள் பக்கவாட்டில் ஒதுங்கியது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் பனி விலகியது. ஒதுங்கிய பாறைப்பொருள் மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது, மேலோடு எழும்புகிறது. பனி மிகத் தடித்திருந்தது கிழக்கே. அதனால் டொரெல்நெசெட்டுக்குக் கிழக்கே உள்ள காங்ஸ்ஓயா தீவில் பழைய கடற்கரை இன்றைய நீர்மட்டத்துக்கு மேல் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நூறு மீட்டர் உயரத்தில் கடற்கரைக் கூழாங்கல்! அவர் அதைச் சொன்னபோது குரல் சற்று உயர்ந்தது. எத்தனையோ முறை சொல்லியிருப்பார், ஆனாலும் உயர்ந்தது.

இந்த முனைக்கு ஒட்டோ டொரெலின் பெயரை வைத்தது மிகப் பொருத்தம். 1828இல் பிறந்த ஸ்வீடன்காரர். 1858இலும் 1861இலும் ஸ்வால்பார்டின் மிகப் பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வந்தார். அவர் தேடி வந்தவை சிப்பிகள். அங்கே உயிரோடு வாழும் குளிர்நீர்ச் சிப்பிகளும், ஸ்வீடனின் வயல்களுக்கடியில் களிமண்ணில் புதைந்து கிடந்த ஓடுகளும் ஒரே இனம் என்றால், ஸ்வீடன் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்க வேண்டும்? வட ஜெர்மனியின் சமவெளியில் சிதறிக் கிடக்கும் ஸ்காண்டிநேவியப் பாறைகளை மிதந்து வந்த பனிப்பாறைகள் கொண்டுவந்து போட்டன என்பதே அன்றைய அறிஞர்களின் கருத்து. 1875 நவம்பரில் டொரெல், பெர்லினுக்குப் பக்கத்து ரூடர்ஸ்டார்ஃப் சுண்ணாம்புக்கல் குவாரியில் பாறைமேல் இருந்த கீறல்களைக் காட்டி, நிலத்தின் மேலே நகர்ந்து வந்த பனித்தகடு போட்ட கீறல்கள் இவை என்றார். வட ஐரோப்பா பனியில் மூழ்கிக் கிடந்தது என்று உலகம் ஏற்றுக்கொண்டதற்கு அந்த நாள் முக்கியமான காரணம். பனியின் பாரத்தைக் கண்டு சொன்னவரின் பெயரைத் தாங்கும் முனை, அந்தப் பாரம் நீங்கிய பிறகும் எழும்பிக்கொண்டிருக்கிறது.

வரப்புகளுக்கு வயது சொல்பவை மரமும் எலும்பும். மரமே வளராத நாட்டில் கரை முழுக்க மரம். முதலில் பார்த்தபோது ஏதோ கப்பல் உடைந்து ஒதுங்கியதோ என்று நினைக்கும் அளவுக்குப் பெரிய அடிமரங்கள், வெயிலிலும் உப்பிலும் வெள்ளி நிறமாக வெளுத்து, கற்களுக்கிடையே கிடக்கின்றன. பெரும்பாலானவை சைபீரியாவிலிருந்து வந்தவை: லார்ச், பைன், ஸ்ப்ரூஸ். ஓப், யெனிசெய், லேனா போன்ற ஆறுகள் கடலுக்குள் தள்ளியவை. வெறும் நீரில் இத்தனை தூரம் மிதந்து வர முடியாது. ஓராண்டு ஒன்றரை ஆண்டில் நீரை உறிஞ்சி மூழ்கிவிடும். கடற்பனி அவற்றைப் பிடித்து உறையவைத்து, துருவத்தைக் குறுக்காகக் கடக்கும் ஓட்டத்தில் சில ஆண்டுகள் சுமந்து வந்து, இந்தப் பக்கம் உருகும்போது விட்டுவிடுகிறது. வேரோடு வந்த மரம் ஆற்றங்கரை சரிந்து விழுந்தது. நுனி ரம்பத்தால் அறுபட்டிருந்தால் மரம்வெட்டிகள் ஆற்றில் மிதக்கவிட்டதிலிருந்து தப்பியது. இரண்டு வகையையும் தொட்டுப் பார்த்தேன். அறுபட்ட ஓர் அடிமரத்தின் வளையங்கள் மயிரிழை போல நெருங்கி இருந்தன. குளிர் நாட்டு மரம் அப்படித்தான் வளரும்.

பனி இப்படிப் பொருள்களைச் சுமந்து கடக்கிறது என்பதை நம்பித்தான் ஃப்ரித்யோஃப் நான்சென் 1893இல் ஃப்ராம் கப்பலை வேண்டுமென்றே பனிக்குள் சிக்கவைத்தார். அதற்கு முன் 1881இல் சைபீரியாவின் வடக்கே பனியில் நொறுங்கி மூழ்கிய ஜெனட் கப்பலின் பொருள்கள் மூன்று ஆண்டுகள் கழித்து கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்திருந்தன. அவை அங்கே போகும் என்றால் தன் கப்பலும் போகும் என்று கணக்குப் போட்டார். 1896இல் ஃப்ராம் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வடமேற்கே பனியிலிருந்து விடுபட்டது. இந்த அடிமரங்கள் ஒவ்வொன்றும் அதே வகைப் பயணத்தை மாலுமியில்லாமல் செய்து முடித்தவை.

மேலே மூன்றாவதோ நான்காவதோ வரப்பில் ஒரு திமிங்கல முதுகெலும்பு பாதி புதைந்து கிடந்தது. வில்தலைத் திமிங்கலம். அதைச் சுற்றி மட்டும் பச்சை. பாலைவனம் என்று சொல்லத்தக்க அந்தக் கல்வெளியில் ஒரு வட்டமாகப் பாசியும் சின்னஞ்சிறு சாக்ஸிஃப்ரேஜ் செடிகளும். எலும்பிலிருந்து மெல்லக் கசியும் சத்தை உண்டு வளர்கின்றன. பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் இந்தத் திமிங்கலங்களைக் கொழுப்புக்காகக் கொன்று குவித்தார்கள் என்று படித்திருந்ததால், அவர்கள் விட்டுப்போன எலும்பாக இருக்கும் என்று என்னருகில் நின்றவர் சொன்னார். விரிவுரையாளர் தலையசைத்து மறுத்தார். இது கிடக்கும் உயரத்தைப் பாருங்கள் என்றார். இந்த வரப்பில் அலை அடித்த காலத்தில் ஒதுங்கிய திமிங்கலம் இது; ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழையது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன எலும்புகள் என்றால் கீழே, இன்றைய கரைக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். இத்தகைய எலும்பையும் புதைந்த மரத்தையும் எடுத்துக் கார்பன் கொண்டு வயது கணித்தால், அந்த உயரம் எந்தக் காலத்தில் நீர்க்கோடாக இருந்தது என்று தெரிந்துவிடும். நிலம் எவ்வளவு வேகமாக எழும்பியது என்ற கணக்கு முழுவதும் அப்படிக் கிடைத்ததுதான்.

முனையின் நுனியை நோக்கித் திரும்பினோம். வாடை முதலில் வந்தது: அழுகிய சிப்பியும் மாட்டுத்தொழுவமும் கலந்த நெடி. பிறகு உறுமலும் ஏப்பமும். வழிகாட்டிகள் எங்களை நெருக்கமான ஒரே வரிசையாக்கி, பேச்சை நிறுத்தச் சொல்லி, காற்று எங்களிடமிருந்து அவற்றின் பக்கம் வீசாதபடி சுற்றி நடத்திச் சென்றார்கள். சில அடி நடப்பது, நிற்பது, அவை தலை தூக்குகின்றனவா என்று பார்ப்பது. ஒன்று தலையைத் தூக்கினாலும் எல்லாரும் அப்படியே நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் போகக்கூடாது என்று ஓர் இடத்தில் கையைக் காட்டினார்கள். அங்கேயே கற்களில் மண்டியிட்டோம்.

ஐம்பது அறுபது வால்ரஸ்கள், எல்லாம் ஆண்கள். ஒன்றரை டன் எடை வரை வளரும் உடல்கள், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, தந்தத்தை அடுத்ததன் முதுகில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. எத்தனையோ மீட்டர் இடம் காலியாக இருக்க, தொட்டுக்கொண்டு படுப்பதில்தான் அவற்றுக்கு நிம்மதி. நீரிலிருந்து அப்போதுதான் ஏறிய ஒன்று வெளிறிக் கிடந்தது. குளிர்நீரில் இருக்கும்போது தோலுக்கு வரும் இரத்தத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். கரையில் சூடேற ஏற இரத்தம் திரும்பும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்த வெளிறிய உடல் மெல்லச் செம்பழுப்பாக மாறியது. கடலடியில் இருட்டில் மீசை மயிர்களால் துழாவிச் சிப்பியைக் கண்டுபிடித்து, நாக்கைப் பின்னுக்கிழுத்துச் சதையை உறிஞ்சி, ஓட்டை அங்கேயே விட்டுவிடும். ஒரே வேளையில் ஆயிரக்கணக்கில் தின்னும். டொரெல் தேடி வந்த அதே சிப்பிகள்.

அவை கரையேறிப் படுக்கும் இந்தப் பழக்கம்தான் அவற்றின் சாவுக்கு வழியானது. நீரில் வேகமாகப் போகும் உயிரினம். கல்லில் தவழத்தான் முடியும். வேட்டைக்காரர்கள் ஈட்டியோடு கடல் பக்கத்திலிருந்து வருவார்கள். முதலில் நீரோரத்தில் இருப்பவற்றைக் குத்துவார்கள். அந்த உடல்களே சுவராகி, உள்ளே இருப்பவை கடலுக்குத் திரும்பும் வழியை அடைத்துவிடும். ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் லாமோண்ட் 1861இல் வெளியிட்ட நூலில், 1852இல் தென்கிழக்குத் தீவுகளில் ஒன்றில் இரண்டு சிறு கப்பல்களின் ஆட்கள் சில மணி நேரத்தில் ஏறத்தாழ 900 வால்ரஸ்களைக் கொன்றதைப் பதிவு செய்திருக்கிறார். அவ்வளவையும் ஏற்றிச் செல்லக் கப்பலில் இடமில்லை. பெரும்பகுதி அழுகக் கிடந்தது. தந்தம் ஐரோப்பியச் சந்தைக்கு, கொழுப்பு எண்ணெய்க்கு, தடித்த தோல் கயிற்றுக்கும் ஆலை இயந்திரங்களின் பட்டைக்கும். மூன்றரை நூற்றாண்டு இது நடந்தது.

1952இல் நார்வே ஸ்வால்பார்டில் வால்ரஸ் வேட்டையைத் தடைசெய்தபோது அங்கே சில நூறுகூட மிஞ்சியிருக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. தடைக்குப் பிறகு யாரும் அவற்றை வளர்க்கவில்லை, கொண்டுவந்து விடவில்லை, உணவிடவில்லை. கொல்வதை நிறுத்தினார்கள். கிழக்கே ரஷ்யாவின் ஃபிரான்ஸ் யோசஃப் தீவுகளில் எஞ்சியிருந்தவை மெல்ல இந்தப் பக்கமும் வரத் தொடங்கின. பெண் வால்ரஸ் பதினைந்து மாதம் சுமந்து ஒரு கன்று ஈனும். அடுத்ததற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதனால் மீட்சியும் அவசரமில்லாமல் வந்தது. 2006இல் வானிலிருந்து எண்ணியபோது மதிப்பீடு சுமார் 2600. 2018இல் சுமார் 5500. என் முன்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அந்தக் குவியலைப் பார்த்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது, குளிரால் அல்ல. ஒரு சட்டம் எழுதி, அதைக் கடைப்பிடித்து, எழுபது ஆண்டுகள் பொறுத்திருந்ததன் பலன் அங்கே உயிரோடு படுத்திருந்தது.

திரும்பும் வழியில் அக்கா நின்றுவிட்டார். கற்களுக்கிடையே ஒரு பச்சை வலை, பாதி புதைந்து. அதன் ஒரு பக்கம் ஆரஞ்சு நிற நூல் கொத்துகள். அவர் குனிந்து ஒரு நூலை விரலில் சுற்றிப் பார்த்தார்.

“இது ட்ரோலர் வலை தம்பி. கடலடியிலை இழுபடுற பக்கம் இது. வலை தேயாமல் இருக்கத்தான் இந்த நூலுகளைக் கட்டி விடுறவை. நூல் தேஞ்சு தேஞ்சு கடலுக்கைதான் போகும்.”

“எடுக்க முடியுமா அக்கா?”

“வெட்டித்தான் எடுக்க வேணும். கல்லுக்கை இறுகிப் போச்சு.”

வழிகாட்டி கத்தியோடு வந்தார். ஸ்வால்பார்டின் கரைகளில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கில் மிகப் பெரும்பகுதி மீன்பிடித் தொழிலிலிருந்து வருகிறது: வலை, மிதவை, மீன்பெட்டி, கட்டும் பட்டை. அடிமரங்களைக் கொண்டுவரும் கடல்தான் இவற்றையும் கொண்டுவருகிறது. கலைமான் கொம்பு வலையில் சிக்கிச் சாவதும் உண்டு. கரைகளைச் சுத்தம் செய்யும் பணியை ஆளுநர் அலுவலகம் பல ஆண்டுகளாக நடத்துகிறது. கப்பல் பயணிகளும் கையில் கிடைத்ததைச் சேர்த்துக் கொண்டுபோய் லாங்யர்பியனில் ஒப்படைக்கலாம்.

ஆனால் எதை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். அங்கே 1946க்கு முற்பட்ட மனிதச் சுவடு எதுவாக இருந்தாலும், துருப்பிடித்த ஆணியானாலும் வேட்டைக்காரன் எறிந்த தகர டப்பாவானாலும், சட்டம் அதைத் தானாகவே பாதுகாக்கிறது. தொடவும் கூடாது. இதே தீவின் வடக்கே, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய வானிலைக் குழு ஒன்று ஒளிந்திருந்த குடிசை இன்றும் நிற்கிறது. போர் முடிந்தது தெரிந்தும், அழைத்துச் செல்ல ஆளில்லாமல் காத்திருந்த அந்தப் பதினொரு பேரும் 1945 செப்டம்பரில்தான் ஒரு நார்வே வேட்டைக்கப்பல் தலைவரிடம் சரணடைந்தார்கள். அவர்கள் விட்டுப்போனதும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. ஆகவே நாங்கள் மரக்கட்டையை விட்டோம், எலும்பை விட்டோம், கறுத்த இரும்பு வளையம் ஒன்றைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டோம். வலையை அறுத்து மூட்டை கட்டினோம். கூழாங்கல் ஒன்றைக்கூட யாரும் எடுக்கவில்லை. எடுத்து என்ன செய்வது? அந்த வரப்பில் இருக்கும்வரைதான் அது ஏதாவது சொல்லும்.

பிற்பகலில் கப்பல் கிழக்கே திரும்பி அவுஸ்ட்ஃபோன்னா பனிக்கவிகையின் ஓரத்தை நெருங்கியது. ஏறத்தாழ 8000 சதுர கிலோமீட்டர் பனி. கடலைத் தொடும் அதன் முகப்பு அடிவானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. வெள்ளைச் சுவரின் விளிம்பிலிருந்து உருகிய நீர் அருவிகளாகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. விரிவுரையாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். காலையில் சொல்லாததைச் சொன்னார். நி-ஓலெசுண்டில் செயற்கைக்கோள் அளவீடு காட்டும் எழுச்சி ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. பழைய பனியூழியின் பாரம் நீங்கியதால் மட்டும் அவ்வளவு வராது. இப்போது, நம் காலத்தில், உருகிப்போகும் பனியின் பங்கு அதில் இருக்கிறது. அங்கே நிலம் எழும்புவதால் கடல் பின்வாங்குவது போலத் தெரியும். உருகிய நீரின் கணக்கு வேறு கரைகளில் ஏறுகிறது, வெப்பமண்டலக் கரைகள் உட்பட. காலையில் அந்தப் படிகளில் ஏறியபோது எனக்கு இருந்த மகிழ்ச்சியை நான் கைவிடவில்லை. ஆனால் கடைசிப் படியின் கணக்கை நம் காலமும் சேர்ந்து எழுதுகிறது என்பது அதன்பின் மனத்தைவிட்டு அகலவில்லை. கடற்பனி நடுவழியிலேயே உருகிவிட்டால் சைபீரிய மரமும் மூழ்கிவிடும். வரும் நூற்றாண்டுகளின் வரப்புகளுக்கு வயது சொல்ல மரம் வந்து சேராமலே போகலாம்.

இரவு உணவில் ஒரு பயணி வருத்தப்பட்டார். 2025 ஜனவரி முதல் புதிய விதிகள்: பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 43 இடங்களில் மட்டுமே சுற்றுலாப் பயணிகள் இறங்கலாம், 200 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் உள்ளே வரக்கூடாது, கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர், வசந்த காலத்தில் 500 மீட்டர் விலகி நிற்க வேண்டும். இவ்வளவு செலவு செய்து வந்து தூரத்தில் நிற்பதா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 1952இல் வேட்டைக்காரர்களுக்கும் பிழைப்பு போயிற்று. அன்று அவர்களுக்கு இரங்கித் தடையைத் தளர்த்தியிருந்தால் காலையில் நாங்கள் மண்டியிட்டுப் பார்த்தது எதுவும் இருந்திருக்காது. 43 நாளைக்குப் பத்தாகச் சுருங்கி, டொரெல்நெசெட் அதில் இல்லாமல் போனாலும் எனக்குச் சம்மதம் என்றேன்.

அக்கா தமிழில் என்னிடம் மட்டும் சொன்னார்: “இனி வாறவை கப்பலிலை நிண்டு பார்க்கட்டும் தம்பி. அதுகளுக்கு நித்திரை முக்கியம்.”

லாங்யர்பியன் துறையில் கப்பல் கட்டியதும் பணியாளர்கள் குப்பை மூட்டைகளை இறக்கினார்கள். அக்காவும் இறங்கிப் போய் வலை மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கரைக் குப்பைக்கென்று வைத்திருந்த பெரிய கொள்கலன் ஏற்கெனவே மற்றக் கப்பல்களின் மூட்டைகளால் நிரம்பியிருந்தது. எங்களுடையதை அதன் பக்கத்தில் தரையில் வைத்து, காற்று அடித்துப் போகாமல் மேலே ஒரு மரப்பலகையைச் சாய்த்துவிட்டு வந்தோம்.